நன்னடத்தைச் சான்றிதழ் யாருக்கு?

பள்ளி இறுதித் தேர்வு முடிவுகள் வெளிவந்த மறுநாள் தொடங்கி ஆடிப்பெருக்கு வரையிலும் பங்குத்தந்தையின் மேசைக்கு ஓய்விராது. நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டு இளைஞரும் இளம்பெண்களும் பெற்றோருடன் வந்து நிற்பர். 'இவரை நான் நன்கு அறிவேன். இவர் நல்லொழுக்கம் உடையவர்' என்று எழுதி, ஒப்பமிட்டு, பங்கின் முத்திரையைப் பதித்துக் கொடுத்துவிடுகிறோம். குருவானபின் கழிந்த ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் இத்தகைய சான்றிதழ்கள் எத்தனை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. உண்மையைச் சொன்னால், அவர்களுள் பாதிப்பேரின் முகம் எனக்குத் தெரியும், அகம் தெரியாது. ஆயினும் எழுதக் கை தயங்கியதில்லை. நன்கு அறிந்த ஒருவனுக்கு எழுதும்போதுதான் கை தயங்கியது. அந்தத் தயக்கத்தைப் பற்றியும், அதற்குப் பின் ஒரு கூட்டத்தில் நான் காத்த மௌனத்தைப் பற்றியும் எழுதத் துணிகிறேன்.

அவனுக்கு இப்போது முப்பது வயது கடந்துவிட்டது. பெயர் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே ஒரு பதிவேட்டில் அவன் பெயர் போதுமான அளவு எழுதப்பட்டிருக்கிறது. கொள்ளிடக் கரையில், நான் முன்பு பணியாற்றிய பங்கைச் சேர்ந்தவன். இருபது வயதில் மாமனுடைய மாட்டுவண்டியை ஓட்டினான். நடவும் அறுப்பும் இயந்திரத்திற்குப் போனபின் கூலியாட்களுக்கு ஆண்டில் பாதிநாள் வேலையில்லை என்பதை நம் தஞ்சைத் தரணியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் திறக்கும்வரை ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். இரவில் ஒரு வண்டி மணல் அள்ளி வீடு கட்டுகிறவனிடம் கொண்டுபோய்க் கொட்டினால் இரண்டு நாள் கூலி. ஓர் இரவு பிடிபட்டான். வண்டி பறிமுதல், மாடுகளை மாமன் கெஞ்சி மீட்டார், இவன் ஆறு நாள் கிளைச்சிறையில் இருந்தான்.

வழக்கு, இந்திய தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவு. அதாவது திருட்டு. இதில் சட்டப்பிழை ஏதுமில்லை. அனுமதியின்றி ஆற்று மணலை அள்ளுவது 1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டப்படி குற்றம் என்பதோடு தண்டனைச் சட்டப்படி திருட்டும் ஆகும், இரண்டின் கீழும் வழக்குத் தொடரலாம் என்று உச்சநீதிமன்றம் 2014இல் தெளிவாகவே தீர்ப்பளித்திருக்கிறது. ஆற்றின் மடியைச் சுரண்டுவது பாவம் என்று நானே மறையுரையில் பலமுறை கூறியிருக்கிறேன். இன்றும் கூறுவேன். அவன் செய்தது தவறு. அதை அவனும் மறுத்ததில்லை.

மறுக்காததுதான் அவனுக்கு வினையாயிற்று. 'ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு போய்விடும். இல்லாவிட்டால் வாய்தாவுக்கு வாய்தா அலைய வேண்டும்' என்று நீதிமன்ற வாசலில் யாரோ சொன்னார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலி போகும், பேருந்துக் கட்டணம் போகும். ஒப்புக்கொண்டான். தாயின் காதில் கிடந்ததை அடகுவைத்து அபராதத்தைக் கட்டினான். அன்றோடு தீர்ந்தது என்று தாயும் மகனும் நினைத்தார்கள்.

2023ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆற்று மணல் விற்பனை தொடர்பாக அமலாக்கத்துறை தமிழகமெங்கும் சோதனையிட்டதும், தஞ்சை உட்பட ஐந்து மாவட்ட ஆட்சியர்களுக்கு அழைப்பாணை அனுப்பியதும், அது உச்சநீதிமன்றம் வரை சென்றதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். யார் குற்றவாளி, யார் அல்லர் என்று கூற நான் நீதிபதியல்லன். ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். பெரிய மணலுக்கு வழக்கறிஞர் உண்டு, மேல்முறையீடு உண்டு, தடையாணை உண்டு. ஒற்றை மாட்டுவண்டி மணலுக்கு 'ஒப்புக்கொள்கிறேன் ஐயா' என்ற ஒரே வாசகம் மட்டுமே உண்டு.

பின்னர் அவன் தாய்க்குப் பக்கவாதம் வந்தது. மூன்றாண்டு படுக்கை. சகோதரிகள் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டனர். இவனே குளிப்பாட்டினான், இவனே மலஞ்சலம் எடுத்தான், மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றக் கற்றான், இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை இரவிலும் எழுந்து புரட்டிப் படுக்கவைத்தான். நோயாளரைச் சந்திக்க வந்த கன்னியர் ஒருவர், செவிலியராக நெடுங்காலம் பணியாற்றியவர், அந்த அம்மாளின் முதுகைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என்னிடம், "சாமி, மூணு வருசம் படுத்தவங்க உடம்புல ஒரு படுக்கைப்புண் இல்ல. எங்க ஆஸ்பத்திரியிலகூட இப்படிப் பார்த்ததில்ல" என்றார். தாய் இறந்தபின், செவிலியர் உதவியாளர் பயிற்சியில் அவனைச் சேர்த்துவிட்டவரும் அவரே. ஆறு மாதப் பயிற்சி. அதற்குத்தான் என்னிடம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டு வந்தான்.

தயங்கினேன் என்றேன் அல்லவா? 'நான் அறிந்தவரை' என்ற இரு சொற்களைச் சேர்த்து எழுதினேன். அச்சொற்களை வேறு எவருக்கும் நான் சேர்த்ததில்லை. அவன் வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

பயிற்சி முடித்து, நம்மவர் நடத்தும் ஒரு மருத்துவமனைக்கு விண்ணப்பித்தான். எது என்று கூறேன். அதன் ஆட்சிக்குழுவில் நானும் ஓர் உறுப்பினன் என்பதை மட்டும் மறைக்கலாகாது. விண்ணப்பத்திலேயே தன் பழைய வழக்கை அவனாகவே எழுதியிருந்தான். காவல்துறைச் சரிபார்ப்பும் அதையே உறுதி செய்தது: திருட்டு வழக்கு, தண்டனை. குழுக் கூட்டத்தில் அவன் பெயர் வந்தபோது ஐந்து நிமிடங்கூட ஆகவில்லை. "நோயாளிகளின் நகை நட்டுகளுக்கு யார் பொறுப்பு?" என்றார் ஒருவர். "நம் நிறுவனத்தின் பெயர் என்னாவது?" என்றார் இன்னொருவர். மண் வண்டி என்று நான் சொல்லியிருக்கலாம். அந்தத் தாயின் முதுகைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். குடிநீர்க் குழாய் பற்றிய அடுத்த பொருளுக்குச் சென்றோம். அதில் நான் நெடுநேரம் பேசினேன்.

இது ஒருவனின் கதையன்று. அன்பிய இல்லச் சந்திப்புகளில் விசாரித்துப் பாருங்கள். மணல் வண்டி, மறியல், பனங்கள், வாய்க்கால் தகராற்றில் கைகலப்பு, தலைக்கவசமின்றிச் சென்று காவலரிடம் வாய்கொடுத்தது என்று ஏதேனும் ஒரு வழக்கு இல்லாத ஏழைத்தெரு நம் பங்குகளில் எத்தனை? முன்பெல்லாம் இவை காவல்நிலையத்துத் தாள்களில் கிடந்து செல்லரித்துப் போகும். இன்று முதல் தகவல் அறிக்கைகள் நாடு முழுதும் கணினி வலையில் கோக்கப்பட்டுள்ளன. கணினிக்குக் கரையான் இல்லை.

இதில் வேறொரு கொடுமையும் உண்டு. 2017ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியபோது ஊர்மக்கள் திரண்டனர், கைதுகள் நிகழ்ந்தன, வழக்குகள் பாய்ந்தன. மூன்றாண்டு கழியுமுன், 2020 பிப்ரவரியில், இந்தக் காவிரிப் படுகையையே பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கித் தமிழக அரசு சட்டம் இயற்றியது. மக்கள் எதைக் கேட்டுத் தெருவில் நின்றார்களோ அது சட்டமாயிற்று. கேட்டதற்காகப் பதியப்பட்ட வழக்குகளோ அவரவர் பெயரில் நின்றன. சில வகை வழக்குகளை அரசு பின்னர் திரும்பப் பெற்றது உண்மை. ஊரடங்கை மீறியதற்காகப் பதியப்பட்ட வழக்குகள் ஏறத்தாழ பத்து இலட்சத்தை 2021 பிப்ரவரியில் கைவிடுவதாக அன்றைய முதலமைச்சர் அறிவித்தார். தேர்தல் நெருங்கிய காலம் என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டுமென்பதில்லை. பத்து இலட்சம் பேரின் சிறு குற்றத்தை ஒரே அறிவிப்பில் மறந்துவிட ஓர் அரசால் முடியுமாயின், ஒருவனின் சிறு குற்றத்தை மறக்க ஒரு மருத்துவமனையால் முடியாதது ஏன்?

நீதிமன்றங்கள் என்ன கூறுகின்றன என்று பார்ப்போம். ஏனெனில் நம் குழுவில் 'சட்டம்' என்ற சொல் அடிக்கடி வந்தது. 1996இல் உச்சநீதிமன்றத்திற்கு அரியானா மாநிலத்திலிருந்து ஒரு வழக்கு வந்தது. பொது இடத்தில் தகாத சொல் பேசியதாக வழக்கு. அம்மனிதர் குற்றத்தை ஒப்புக்கொண்டு இருபது ரூபாய் அபராதம் கட்டியிருந்தார். அதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார். நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்ததோடு நில்லாமல் நாடாளுமன்றத்திற்கும் ஒரு வேண்டுகோள் விடுத்தது. சில்லறைக் குற்றங்களை அலைச்சலுக்கு அஞ்சி ஒப்புக்கொண்டு சிறு தொகை கட்டுவோர் பல்லாயிரவர், பெரும்பாலும் இளையோர், அனுபவமற்றோர். இதனால் அவர்களது வருங்காலம் பாழாகக் கூடாது. ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய் வரையிலான அபராதத்தை எந்தக் காரியத்திற்கும் தண்டனையாகவே கருதாதபடி சட்டம் செய்யவேண்டும் என்றது. நம் கொள்ளிடக்கரை இளைஞனின் கதையை நேரில் கண்டு எழுதியதுபோல் இருக்கிறது. நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைச் செய்யவில்லை.

2011இல் தில்லிக் காவல்துறையில் வேலைக்கு விண்ணப்பித்த ஓர் இளைஞரின் வழக்கில், இளமையில் செய்யும் பிழைகளை மன்னிக்கவே வேண்டும், வாழ்நாள் முழுதும் குற்றவாளி என முத்திரை குத்தலாகாது என்று அதே நீதிமன்றம் கூறிற்று. பசித்த குடும்பத்திற்காக ரொட்டி திருடி ஆயுளெல்லாம் திருடன் என்று துரத்தப்பட்ட, விக்தோர் யூகோவின் கதைமாந்தன் ழான் வால்ழானை நீதிபதிகள் அத்தீர்ப்பில் நினைவுகூர்ந்தனர். அக்கதையில் அவனுக்கு முதலில் கதவைத் திறந்தவர் ஓர் ஆயர் என்பது நமக்குப் பெருமையாக இருக்கலாம். நாம் அக்கதையில் எந்தக் கதவு என்று கேட்டால் பெருமை சற்றுக் குறையும். 2016இல் மூவர் அமர்வு, பதவியின் தன்மையையும் குற்றத்தின் சிறுமையையும் வேலை தருபவர் சீர்தூக்க வேண்டும் என்றும், இளவயதில் முழக்கமிட்டது போன்ற சிறு குற்றங்களை, அவற்றை மறைத்திருந்தாலுங்கூட, பொறுத்தருளலாம் என்றும் வகுத்துரைத்தது. மறைத்தவனுக்கே அந்த இரக்கம்! நம்மவனோ மறைக்கவே இல்லை.

சட்டம் படித்த வாசகர் இங்கே குறுக்கிடுவார்: இவை அரசுப் பணி பற்றியவை, தனியார் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தா. சரிதான். அதைத்தான் நானும் சொல்கிறேன். அவனை ஏற்கும்படி எந்தச் சட்டமும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. அவனைத் தள்ளும்படியும் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. நாமே விரும்பித்தான் தள்ளினோம்.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் செய்யும் குற்றத்தால் பிற்காலத்தில் எந்தத் தகுதியிழப்பும் நேரக்கூடாது என்றும், மிகக் கொடிய குற்றங்கள் நீங்கலாக அப்பதிவுகள் அழிக்கப்பட வேண்டும் என்றும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் கூறுகிறது. நல்லது. ஆனால் பதினெட்டாம் பிறந்தநாளின் மறுநாள் மனிதன் வேறு பிராணியாகி விடுகிறானா? 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் வயதுவந்தோருக்கும் ஒரு வழி வைத்திருந்தது. எச்சரித்தோ, நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதிக்கேடு இராது என்பது அதன் 12ஆம் பிரிவு. அதைக் கேட்டுப் பெறவும் ஒரு வழக்கறிஞர் வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தண்டனைச் சட்டமோ, ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடியவன் அப்பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அவனுக்குச் சமூகத் தொண்டே தண்டனை என்கிறது. தொண்டு செய்து திருந்து என்கிறது அரசு. தொண்டு செய்யவே வந்தவனை, நீ திருந்தினாலும் வராதே என்கிறோம் நாம்.

இன்னொன்றையும் நம் மண்ணின் வரலாறு நினைவூட்டுகிறது. 1871இல் ஆங்கில அரசு கொண்டுவந்து, 1911இல் நம் மாகாணத்திற்கும் விரித்த குற்றப்பரம்பரைச் சட்டம், குலத்தைப் பார்த்தே மனிதரைக் குற்றவாளி என்றது. இரவில் காவல்நிலையத்தில் கைரேகை வைத்து அடங்கிக் கிடந்தோரின் பேரப்பிள்ளைகள் நம் பங்குகளிலும் பக்கத்து ஊர்களிலும் இருக்கிறார்கள். கந்தர்வக்கோட்டைக் கள்ளரும் குறவரும் இன்றும் அரசின் சீர்மரபினர் பட்டியலில் இருப்பது அந்தத் தழும்பால்தான். இச்சட்டத்தின்கீழ் மக்களை அடைத்துவைத்த குடியிருப்புகள் சிலவற்றை நடத்தியவர்கள் கிறிஸ்தவர்களே. ஸ்டூவர்ட்புரத்தை இரட்சணிய சேனையார் நடத்தினர். நல்லெண்ணத்தோடுதான் நடத்தினார்கள், ஐயமில்லை. நல்லெண்ணம் படைத்த கிறிஸ்தவர்கள் முத்திரை குத்தும் வேலைக்கு உடந்தையாவது நமக்குப் புதிதன்று என்பதற்காகவே குறிப்பிட்டேன். 1952இல் நாடு முழுவதும் அச்சட்டம் நீங்கியது. அப்போது குலம் முத்திரையாயிருந்தது. இப்போது முதல் தகவல் அறிக்கை முத்திரையாயிருக்கிறது. இரண்டும் பெரும்பாலும் ஒரே தெருக்களில்தான் விழுகின்றன.

வெறும் வழக்கு என்பது குற்றமும் அன்று. 2022ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் நூற்றுக்கு எழுபத்தைவருக்கும் மேற்பட்டோர் விசாரணைக் கைதிகள். இன்னும் தீர்ப்பே பெறாதவர்கள். அவர்களுள் எத்தனை பேர் நாளை குற்றமற்றவர் என விடுதலையாவர்? விடுதலையானபின் எந்த வேலைக்குப் போவர்?

இனி, எதிர்வாதத்திற்கு வருகிறேன். அதை எளிதாகத் தள்ளிவிட எனக்கு எண்ணமில்லை. "சாமி, உங்கள் தாயை இப்படிப்பட்டவனிடம் ஒப்படைப்பீர்களா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நோயாளி கையறு நிலையில் இருப்பவர். அவர் உடல் பிறர் கையில். அவர் பணப்பை தலையணையின் கீழ். அவரைக் காப்பது நிறுவனத்தின் முதற்கடமை. எனவே பெண்களிடமோ குழந்தைகளிடமோ அத்துமீறியவன், முதியோரை அடித்தவன், நம்பி ஒப்படைத்ததை ஏமாற்றிப் பறித்தவன், இவர்களை நோயாளியின் கட்டிலருகே விடவே கூடாது. அவர்கள் மனந்திரும்பினாலும் கூடாது. பாவமன்னிப்பு வேறு, பணியமர்த்தல் வேறு. ஒப்புரவு அருட்சாதனம் கடவுளோடும் திருச்சபையோடும் உறவைச் சீராக்குகிறது. எல்லாப் பொறுப்புக்கும் உரிமைச்சீட்டு வழங்குவதில்லை. இந்த வேறுபாட்டை மறந்ததால் உலகத் திருச்சபை எத்தகைய அவமானத்தைச் சுமந்தது என்பதை நாம் அறிவோம். பிள்ளைகளைச் சீரழித்த குருக்களை மன்னிப்பின் பெயரால் பங்குக்குப் பங்கு மாற்றியவர்கள் நாம். அங்கே காட்டக்கூடாத இரக்கத்தைக் காட்டினோம். இங்கே காட்டவேண்டிய இரக்கத்தை மறுக்கிறோம்.

ஆகவே வினா, குற்றம் உண்டா இல்லையா என்பதன்று. என்ன குற்றம், எந்த வயதில், எத்தனை ஆண்டுக்கு முன், யாருக்கு எதிராக, அதன்பின் வாழ்ந்த வாழ்வு எது என்பவையே வினாக்கள். ஆற்று மணலுக்கும் நோயாளியின் தாலிக்கொடிக்கும் என்ன தொடர்பு? இங்கிலாந்தில் முதியோரையும் நோயாளரையும் பேணும் பணிக்கு முந்தைய குற்றப்பதிவைச் சோதிப்பது கடுமையாகவே நடக்கிறது. ஆனால் அங்கும் பழைய சிறு குற்றங்களைக் காலக்கணக்குப்படி வடிகட்டி, அறிக்கையில் காட்டாது விடும் முறை 2013 முதல் உண்டு. அதுவும் போதாதென்று நீதிமன்றம் கண்டதால் 2020 நவம்பரில் மேலும் தளர்த்தினர். நோயாளியின் பாதுகாப்பில் நம்மைவிட அக்கறை குறைந்தவர்கள் அல்லர் அவர்கள்.

சான்றிதழ் தூய்மையாயிருந்தால் கை தூய்மையாயிருக்கும் என்பதும் நாம் வளர்த்துக்கொண்ட மூடநம்பிக்கையே. பிரசவ அறையிலிருந்து வெளியே வந்து, பிறந்தது ஆணா பெண்ணா என்று சொல்லக் காசு கேட்கும் வழக்கம் நம் நாட்டு மருத்துவமனைகளில் இல்லையென்று யாராவது சொல்வார்களா? தள்ளுவண்டியைத் தள்ளக் காசு. பிணவறைக் கதவைத் திறக்கக் காசு. கேட்கிற கைகள் பெரும்பாலும் காவல்துறைச் சரிபார்ப்பில் தேறிய கைகள். பிடிபடாதவனை நல்லவன் என்றும், பிடிபட்டு ஒப்புக்கொண்டவனைக் கெட்டவன் என்றும் எழுதுவதற்குப் பெயர் நன்னடத்தைச் சான்றிதழா?

குருமடத்தில் திருச்சபைச் சட்டம் பயின்ற நாள்களை நினைத்துப் பார்க்கிறேன். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1041ஆம் பிரிவு, ஒருவன் குருத்துவம் பெற நிரந்தரத் தடைகள் எவை என்று வரிசையிடுகிறது. கொலை உண்டு, கருச்சிதைவு உண்டு, விசுவாச மறுதலிப்பு உண்டு. திருட்டு அந்த வரிசையில் இல்லை. நற்பெயர் வேண்டும் என்று வேறொரு பிரிவு சொல்கிறது. எனினும் அதை ஆயரும் குருமட அதிபரும் பல ஆண்டு உடனிருந்து, ஆளைப் பார்த்து எடைபோடுவர். ஆகக் கொள்ளிடத்தில் மணல் அள்ளியவன் பீடத்தில் நின்று திருப்பலி நிறைவேற்ற நிரந்தரத் தடையில்லை. மருத்துவமனையில் மலத்தட்டு எடுக்கத் தடை!

நம் மருத்துவமனைகள் சிலவற்றின் சுவரில் மார்பில் செஞ்சிலுவை தரித்த ஒரு புனிதரின் படம் தொங்கும். கமில்லஸ் தே லெல்லிஸ். 1550இல் இத்தாலியில் பிறந்தவர். கூலிப்படை வீரர், தணியாத சூதாடி. காலில் ஆறாப்புண். அதற்குச் சிகிச்சை பெற உரோமை நகரின் புனித யாகப்பர் மருத்துவமனைக்குச் சென்றவர், அங்கேயே பணியாளாகவும் சேர்ந்தார். சீட்டாட்டமும் சண்டையும் தாளாமல் அம்மருத்துவமனை அவரை வெளியேற்றிற்று. நேப்பிள்ஸ் நகரில் உடுத்திய சட்டை வரை சூதில் தோற்றதாக அவரது வரலாறு கூறும். 1575 பிப்ரவரி 2ஆம் நாள் மனந்திரும்பினார். கப்புச்சின் சபையினர் அவரது கால்புண் காரணமாக அவரை வைத்துக்கொள்ள இயலவில்லை. எங்கே போவார்? துரத்திய அதே மருத்துவமனைக்குத் திரும்பினார். அது அவரை ஏற்றது. ஏற்றதோடு நில்லாமல் காலப்போக்கில் முழு நிறுவனத்தின் மேற்பார்வையையும் அவரிடம் ஒப்படைத்தது. கூலிக்கு வேலைசெய்த பணியாட்கள் நோயாளரைப் புறக்கணித்ததைக் கண்டு மனம் வெதும்பி, அன்பினால் மட்டும் பணிசெய்யும் தோழர்களைத் திரட்டினார். 1586இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் அக்குழுவுக்கு ஒப்புதல் அளித்தார். 1930இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் அவரைச் செவிலியரின் பாதுகாவலராக அறிவித்தார்.

அவரோடு சேர்த்துப் போற்றப்படும் இறை யோவானும், கிரனாடா நகர மருத்துவமனையில் பித்தர் என்று கட்டிவைக்கப்பட்டு அடிபட்டவர்தாம். நோயாளரைப் பேணும் பணிக்குத் திருச்சபை தேர்ந்த இரு பாதுகாவலரும் இன்று நம் ஆட்சிக்குழுவின் முன் விண்ணப்பித்தால் தேறமாட்டார்கள். ஜூலை 14இல் கமில்லஸ் திருநாளுக்கு மாலை சூட்டி, சுண்டல் வழங்குகிறோம். ஆகஸ்டில் சிறைப்பணி ஞாயிறு என்று காணிக்கையும் திரட்டுகிறோம். திங்கட்கிழமை அந்தச் சிறையிலிருந்தவன் வேலை கேட்டு வந்தால், ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கைத் தட்டை மறைத்து வைத்துக்கொள்கிறோம்.

நான் கேட்பது பெரிதன்று. வழக்கு உள்ளவரின் விண்ணப்பத்தைத் தாளைப் பார்த்தே ஒதுக்காமல் ஆளை அழைத்து ஒருமுறை கேளுங்கள். ஐந்தாண்டோ ஏழாண்டோ ஓர் எல்லை வகுத்து, அதற்கு முற்பட்ட சிறு குற்றங்களைக் கணக்கில் கொள்ள மாட்டோம் என்று எழுதியே வைத்துவிடுங்கள். முதல் ஆறு மாதம் மூத்த செவிலியரின் கண்பார்வையில் வேலை செய்யட்டும். பகலில், பொதுக்கூடத்தில், பலர் நடுவே. அறிந்த ஒருவர் அவனுக்குப் பொறுப்பேற்கட்டும். ஓடிப்போன அடிமை ஒனேசிமுவைப் பிலமோனிடம் திருப்பி அனுப்பியபோது பவுலடியார் செய்தது அதுதானே? அவன் உமக்கு ஏதேனும் கடன்பட்டிருந்தால் என் கணக்கில் எழுதிக்கொள்ளும் என்று தம் கைப்பட எழுதினாரேயன்றி, 'நான் அறிந்தவரை' என்று எழுதவில்லை.

பொதுநிலையினராகிய உங்களிடமும் ஒரு சொல். இந்த ஆட்சிக்குழுக்களில் ஆசிரியராக, வணிகராக, ஓய்வுபெற்ற அதிகாரியாக அமர்ந்திருப்போர் உங்களுள் பலர். 'சாமியார்கள் முடிவு' என்று ஒதுங்காதீர்கள். அன்று அந்த அறையில் ஒரே ஒருவர், யாராயினும், 'என்ன திருடினான்?' என்று கேட்டிருந்தால் போதும்.

அந்தக் கூட்டத்திற்குப் பின் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதங்கழித்து அவனைக் கடைத்தெருவில் கண்டேன். "வேலை கிடைச்சிருச்சு சாமி. ஒரு வீட்டுல பெரியவரு படுக்கையில இருக்காரு. ராவும் பகலும் நாந்தான் பாத்துக்கிறேன். மாசம் ஒம்பதாயிரம்" என்றான். மருத்துவமனைச் சம்பளத்தில் பாதிக்குச் சற்றுக் கூடுதல். யார் வீடு என்று கேட்டேன். சொன்னான். நகை நட்டுகளுக்கு யார் பொறுப்பு என்று கேட்டாரே, அவர் வீடு. பிள்ளைகள் வெளியூரில், பெரியவரின் மருந்து வைத்த பீரோச் சாவி இவன் இடுப்பில். "அவங்களுக்கு என் கேசு தெரியும் சாமி. தெரிஞ்சுதான் கூப்பிட்டாங்க. தெரிஞ்சதாலதான் ஒம்பதாயிரம்" என்று சிரித்தான். அவனிடம் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாயிருந்திருக்கும்.

சென்ற வாரம் அவனை அழைத்து, அந்தப் பழைய சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டேன். ஞெகிழி உறையில் இட்டு வைத்திருந்தான். அதை வாங்கிக்கொண்டு புதிதாக ஒன்று எழுதினேன். அவன் செய்த குற்றத்தையும், அது நடந்த ஆண்டையும், கட்டிய அபராதத்தையும், மூன்றாண்டு அவன் தாயைப் பேணியதையும், நான் கண்டதையும் எழுதி, இவனுக்கு நான் பொறுப்பு என்று ஒப்பமிட்டேன். ஆட்சிக்குழுவின் அடுத்த கூட்டத்தில் இதனை முதற்பொருளாக வைக்கும்படி செயலருக்கு மடல் அனுப்பியிருக்கிறேன். மடல் கிடைத்தது என்று பதில் வந்திருக்கிறது. வேறொன்றும் இன்னும் வரவில்லை.